லாரித் தண்ணீரும் நாலு குடித்தனமும்

சென்னையில் ஒரே காம்பவுண்டுக்குள் நாலைந்து குடித்தனங்கள் வாழும் வாடகை வீடுகளில், கோடை முற்றிப் போர் வற்றி, 12,000 லிட்டர் லாரி வாசலில் வந்து நிற்கத் தொடங்கியதும் மனஸ்தாபம் மூளுவதற்கு, தண்ணீர்ச் செலவைத் தலைக்கு இவ்வளவென்று வகுக்காமல் வீட்டுக்கு இவ்வளவென்று வகுக்கும் வழக்கமே பெரும்பாலும் காரணமாகிறது. தனியே வாழும் வயோதிக மாதும் ஆறு பேர் கொண்ட குடும்பமும் ஒரே தொகையைச் செலுத்துவது நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம். சிக்கனமாக இருப்பவருக்கு அதனால் யாதொரு பிரயோசனமும் இல்லாமற் போவது அதனினும் பெரிய தோஷம்.

மீட்டர் வைத்தால் விவகாரம் தீராதோ எனில், தீரும். ஆனால் பல மாடி வீடுகளில் மேல்தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று எனப் பைப்புகள் தனித்தனியே இறங்குவதால், வீட்டுக்கு ஒரு மீட்டர் போதாது. புதிதாகக் கட்டுவோர் வீட்டுக்கொரு பைப்பாகப் பிரித்து வைப்பது உத்தமம். பழைய கட்டடங்களில் தலைக்கணக்கே அனுசரிக்கத் தக்கது.

எம்முறையில் பங்கிட்டாலும், எவரும் உபயோகிக்காமலே சாக்கடைக்குப் போகும் நீருக்கு எல்லோரும் பணம் கட்டவே நேருகிறது. விநாடிக்கொரு துளி சொட்டும் குழாய் ஒரே நாளில் சுமார் 20 லிட்டரை விரயமாக்கிவிடும். ஃப்ளஷ் டேங்கின் கசிவோ ஓசையும் எழுப்பாது. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை அந்த டேங்கில் சிறிது விட்டு, அரைமணி நேரம் ஒருவரும் தண்ணீர் திறக்காமல் இருந்து பார்த்தால், கசிவுள்ள இடத்தில் கீழே பீங்கானில் நீலம் இறங்கியிருக்கும். இரவு எல்லோரும் உறங்கச் சென்றபின் மேல்தொட்டியின் மட்டத்தைக் குறித்துவைத்து, விடியுமுன் மோட்டார் போடாமல் மறுபடி பார்ப்பது, கட்டடம் முழுவதற்குமான பரீட்சை.

கண்டுபிடித்த பிறகு பழுது பார்ப்பது யார் என்று தர்க்கிக்க வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், குழாயின் வாஷரை மாற்றுவதைக் குடியிருப்பவருக்கும், பைப்புகளை மாற்றுவதை வீட்டுக்காரருக்கும் உரிய பொறுப்பாக வகுத்திருக்கிறது. தண்ணீரை நிறுத்தும் அதிகாரம் வீட்டுக்காரருக்கு இல்லை என்றும் விதிக்கிறது. ஆகவே வாடகைக்கு வருவோர் அட்வான்ஸ் கொடுக்குமுன், தண்ணீர்ச் செலவு எந்தக் கணக்கில் வகுக்கப்படும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்வதும், மாதந்தோறும் லாரி ரசீதுகளை எல்லோரும் பார்க்கும்படி வீட்டுக்காரர் மாடிப்படி அருகில் ஒட்டிவைப்பதும் அவசியம்.