பழைய டிராக்டரில் கியர் இடர்ப்பாடு: காரணமும் தீர்வும்

மழைக்குப்பின் நிலம் பதமாக இருக்கும் நாட்கள் மிகச் சிலவே. அந்நாட்களில் கியர் விழாமல் டிராக்டர் நின்றுவிடின் விதைப்பு தாமதமாகி, விளைச்சல் குறையும். எனினும், இக்கோளாறுகளுட் பல கியர் பெட்டியைத் திறக்காமலேயே தீர்க்கத்தக்கவை.

துர்க்காப்பூர் மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான 'சுவராஜ்' 1974இல் பஞ்சாபில் உற்பத்திக்கு வந்தது. அக்காலத்து டிராக்டர்கள் பலவற்றில் பற்சக்கரங்கள் தண்டின் மீது நகர்ந்து ஒன்றோடொன்று பொருந்தும். இவற்றின் வேகத்தைச் சமன்செய்யும் தனி உறுப்பு இல்லை. ஆகவே, வண்டியை நிறுத்தி, கிளட்ச் மிதியை முழுவதும் அழுத்தி, சற்றுப் பொறுத்தே கியரை மாற்றுதல் வேண்டும்.

முதற் சோதனை எளிது. சமதளத்தில் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியரை மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போது எளிதில் விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் கரகரவென ஒலித்தால், குறை பெரும்பாலும் கிளட்சில் உள்ளது. மிதி அழுத்தமின்றி நகரும் தூரம் மிகுந்துவிட்டால் கிளட்ச் முழுமையாக விடுபடாது. சுழற்சி கியர் பெட்டிக்குத் தொடர்ந்து செல்லும். கையேட்டில் கண்ட அளவுக்கு இணைப்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்தால் போதும். நெடுநாள் ஓடாத வண்டியில் கிளட்ச் தட்டு துருவால் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

எஞ்சின் நின்றபோதும் கியர் விழாவிடில், நெம்புகோலின் அடிமுனை, நகர்தண்டு, கவை ஆகியவற்றின் தேய்மானத்தை ஆராய வேண்டும். பல்லும் பல்லும் முட்டி நிற்பதும் காரணமாகலாம். வண்டியைச் சிறிது நகர்த்தினால் அது தீரும். விழுந்த கியர் சுமையின்போது தானே விலகினால், தண்டைப் பிடித்து நிறுத்தும் எஃகுக் குண்டின் சுருள்வில் தளர்ந்திருக்கலாம். பற்களின் முனை தேய்ந்திருக்கலாம். சரிவில் இது உயிருக்கே ஆபத்து. ஆதலின் பழுது நீக்காமல் ஓட்டலாகாது.

எண்ணெயையும் கவனித்தல் இன்றியமையாதது. சேற்றுழவில் நீர் புகுந்தால் அது பால்நிறமாகும். அதனை வடித்துவிட்டு, நீர் புகுந்த வழியை அடைத்து, உரிய தர எண்ணெயை நிரப்ப வேண்டும். வடித்த எண்ணெயில் உலோகத் துணுக்குகள் காணப்படின், பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும்.

கிளட்ச் தட்டை மாற்ற எஞ்சினையும் கியர் பெட்டியையும் பிரித்தல் வேண்டியிருப்பதால் செலவும் காலமும் மிகும். அதற்குமுன் எளிய சோதனைகளைச் செய்யும் பழக்கம் ஓட்டுநர்களிடையே பரவ வேண்டும். புத்னியில் 1955இலும் ஹிசாரில் 1963இலும் மத்திய அரசு தொடங்கிய பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையங்களின் நோக்கமும் இத்தகைய திறனை வளர்ப்பதே.