ஒரே கார்... டைனோவுக்கு டைனோ மாறும் பவர்! கம்பெனி ஏமாத்துதா, மெஷின் பொய் சொல்லுதா?

விளம்பரத்தில் 100 பிஎஸ் என்று போட்டிருக்கும் கார், டைனோ மெஷினில் 83 காட்டலாம். இன்னொரு கடையில் அதே கார் 88 காட்டலாம். ஏன் இந்த வித்தியாசம்?

வழியில் கரையும் சக்தி

கம்பெனி சொல்வது, இன்ஜினை தனியாக வைத்து அளந்த கணக்கு. கடையில் அளப்பதோ சக்கரத்துக்கு வந்து சேரும் சக்தி. நடுவில் கியர்பாக்ஸும் டயரும் பொதுவாக 10 முதல் 20 சதவீதம் வரை சாப்பிட்டுவிடும். இது போக, யூனிட் குழப்பமும் உண்டு. 100 பிஎஸ் என்பது 98.6 பிஹெச்பிதான்.

மெஷினுக்கு மெஷின் மாறும்

சில டைனோக்கள், கனமான உருளையை கார் எவ்வளவு வேகமாக சுழற்றுகிறது என்று பார்த்து பவரை கணக்கிடும். சில, காந்த பிரேக் போட்டு எதிர்விசையை அளக்கும். சக்கரத்தை கழற்றிவிட்டு ஹப்பில் நேரடியாக மாட்டும் வகையில், டயர் இழப்பே கிடையாது. அளக்கும் முறை வேறு என்றால் விடையும் வேறுதான்.

காற்றும் கணக்கில் வரும்

சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு, அதனால் பவரும் குறையும். இதை சரிக்கட்ட ஒரு திருத்தக் கணக்கு போடுவார்கள். எஸ்ஏஇ ஜே1349 முறை 25 டிகிரி செல்சியஸை அடிப்படையாக வைக்கிறது. பழைய 'எஸ்டிடி' முறைக்கு மாற்றினால், அதே ஓட்டம் சுமார் 4 சதவீதம் கூடுதலாகத் தெரியும்! டயர் காற்று, காரைக் கட்டும் பெல்ட்டின் இறுக்கம், இன்ஜின் சூடு, கியர் எல்லாமே எண்ணை மாற்றும்.

அப்போ டைனோவே வேஸ்ட்டா?

இல்லை. 1999-ல் அமெரிக்காவில் ஃபோர்டு மஸ்டாங் கோப்ரா 320 குதிரைத்திறன் என்று விற்கப்பட்டது. அவ்வளவு வரவில்லை என்பதை உரிமையாளர்கள் டைனோவில்தான் கண்டுபிடித்தார்கள். கார்களைத் திரும்ப அழைத்து, இன்டேக், எக்ஸாஸ்ட் பாகங்களை சரிசெய்து கொடுத்தது ஃபோர்டு.

நீங்க கவனிக்க வேண்டியது

காசு கொடுத்து இசியூ ரீமேப் செய்கிறீர்களா? முன்னும் பின்னும் ஒரே மெஷினில், ஒரே நாளில், ஒரே கியரில் அளக்கச் சொல்லுங்கள். திருத்தம் போடாத ரீடிங்கையும் கேட்டு வாங்குங்கள். வேறு கடையின் பழைய ரீடிங்கோடு ஒப்பிட்டு '15 பிஹெச்பி ஏறியிருக்கு' என்றால், ஏறியது பவரா, வெறும் எண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது.