வாட்டர் சாஃப்ட்னர் யாருக்குத் தேவை?

"கோவையில் மகன் வீட்டில் வாட்டர் சாஃப்ட்னர் வைத்திருக்கிறார்கள். உதகையிலும் வைத்தால் சிறுநீரகக் கல் வராதா, டாக்டர்?" எனச் சிலர் கேட்கின்றனர்.

நீலகிரியின் ஊற்றுநீரும் ஓடைநீரும் பொதுவாகவே மென்னீர். சோப்பு எளிதில் நுரைத்தால் கருவி தேவையில்லை. கடினநீர் உள்ள ஊர்களில் அது கெய்சரில் உப்புப் படிவதைத் தடுக்கும், சோப்பும் மிச்சமாகும்.

ஆயின், கருவி கால்சியத்தை நீக்கிச் சோடியத்தைச் சேர்க்கிறது: 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கு ஏறத்தாழ 46 மில்லிகிராம். எனவே உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளோர் குடிக்கவும் சமைக்கவும் கருவியில் சேராத தனிக்குழாய் நீரையே பயன்படுத்த வேண்டும். கருவி கிருமிகளையும் அழிக்காது. நீரைக் கொதிக்கவைத்தே பருகுங்கள்.

கல்லைத் தடுப்பது கருவியன்று, போதிய நீர். மலைக்குளிரில் தாகம் தெரியாது. மருத்துவர் நீரளவைக் கட்டுப்படுத்தியிராவிடில், சிறுநீர் வெளிர்நிறமாகும் அளவுக்குப் பருகுங்கள்.