வலைத்தளத் தொழிலில் வேலையொழுங்கு

செய்பொருள் கண்ணுக்குப் புலனாகுந் தொழில் ஒருவகை. புலனாகாத தொழில் மற்றொரு வகை. வீடு கட்டுவோன் எழுப்பிய சுவர் எத்துணை உயர்ந்தது, இன்னும் எத்துணை உயரவேண்டும் என்பதனை வழிப்போக்கனும் நின்று நோக்கி அறியலாம். வலைத்தளம் அமைப்போர் வேலை அத்தகையதன்று. பாதி முடிந்த தளமும் முற்றும் முடிந்த தளமும் திரையின்கண் ஏறக்குறைய ஒரு தன்மையவாகவே தோன்றும். வேலை கொடுத்தவர், 'எல்லாம் முடிந்ததே, இன்னும் என்ன தாமதம்?' என்பர், செய்வோர், 'பாதி வேலை எஞ்சியுளது' என்பர். இருவரும் தாம் கண்டதையே கூறுகின்றனர்; ஆயினும் பூசல் விளைகின்றது. ஆகவே, நால்வர் ஐவரே கூடி நடத்தும் சிறு வலைத்தள நிலையத்திற்கு வேலையை வகுத்து நடத்தும் முறை இன்றியமையாததாகின்றது. அம்முறையின் உயிர்நிலை யாது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

அமெரிக்க நாட்டுச் சிக்காகோ மாநகரில் 1999-ஆம் ஆண்டில் '37சிக்னல்ஸ்' என்னும் வலைத்தள வடிவமைப்பு நிலையம் ஒன்று தோன்றியது. அதனை நிறுவினோருள் ஜேசன் ஃபிரைடு என்பார் ஒருவர். பணியாளர் சிலரே, வேலைகளோ பெருகின. செய்திப் போக்குவரவு மின்னஞ்சல் வாயிலாகவே நடைபெற்றமையின், கூறியன சில கைநழுவின. இக்குறையை நீக்கக் கருதிய அவர்கள் தம் சொந்த உபயோகத்திற்கென ஒரு சிறு மென்பொருளை இயற்றினர். அந்நாளில் கோப்பன்ஹேகன் நகரில் மாணவராயிருந்த டேவிட் ஹைனமெயர் ஹான்சன் அதற்கு நிரல் எழுதினார். 'பேஸ்கேம்ப்' எனப் பெயர் பெற்ற அக்கருவி 2004-ஆம் ஆண்டு வெளிவந்தது. செய்திகளை எழுதும் இடம், செய்யவேண்டியவற்றின் அட்டவணை, நாள் குறித்த எல்லைக்கற்கள் என்பனவே அதன் தலையாய உறுப்புகள். வாடிக்கைக்காரரும் அவற்றைக் கண்டு தம் கருத்தை எழுதலாம். நாளடைவில் வடிவமைப்பால் வரும் ஊதியத்தினும் இக்கருவியால் வரும் ஊதியம் மிக்கமையின், அவர்கள் பிறர்க்குத் தளம் அமைக்குந் தொழிலையே விடுத்தனர். இவ்வரலாறு உணர்த்துவது யாது? சிறு நிலையத்தை வருத்துவது திறமைக் குறைவன்று. சொன்ன சொல் பலவிடத்துச் சிதறிக் கிடத்தலே என்பதாம்.

ஆதலின் முதற்கண் வேண்டப்படுவது எழுத்து மூலமான உடன்படிக்கை. தளத்தில் எத்தனை பக்கங்கள் அமையும். அவற்றிற்குரிய வாசகமும் படமும் யார் தருவார், எந்நாளில் தருவார். வடிவத்தை எத்தனை முறை திருத்தித் தருவது. பணம் எந்நிலையில் எவ்வளவு கொடுக்கப்படும் என்பனவெல்லாம் அதில் ஐயமறக் காணப்படல் வேண்டும். வேலையுள் அடங்கியன யாவை என்பதனோடு, அடங்காதன யாவை என்பதனையும் குறித்தல் நன்று. பெரும்பிழைகளினும் இந்நிலையங்களை மிகுதியாகக் கெடுப்பது, 'இச்சிறு மாற்றம் மட்டும்' என வரும் வேண்டுகோளே. அரைநாள் வேலையான மாற்றங்கள் பத்து வருமாயின் ஐந்து நாட்கள் ஊதியமின்றிக் கழியும். அவ்வைந்தும் அடுத்த வாடிக்கைக்காரர்க்கு வாக்களித்த நாட்களேயாம். இதுபற்றி மாற்றத்தையே மறுத்தல் முறையன்று. அதனைத் தனியே எழுதி, ஆகும் காலத்தையும் கூலியையும் குறித்து, இசைவு பெற்றபின் செய்தலே முறை. கருத்து வேறுபாடு பகையாய் முதிராமற் காப்பது அவ்வொரு தாளேயாகும்.

இரண்டாவது, வேலையைப் பகுத்தலும் நாள் குறித்தலும். வாடிக்கைக்காரர் நோக்கத்தை உசாவியறிதல், பக்கங்களின் அமைப்பை வகுத்தல், கோட்டுருவம் வரைதல், வண்ண வடிவம் தீட்டல், நிரல் எழுதல், வாசகம் நிரப்பல், சோதித்தல், வெளியிடல் என இவ்வேலை பெரும்பாலும் ஒரு வரிசையில் நிகழும். ஹென்றி கான்ட் (1861–1919) என்னும் அமெரிக்கப் பொறியியலார் பரப்பிய பட்டைப் படம் இதற்குத் துணைசெய்யும். நாட்களை மேலே வரிசையாக எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கும் நாள்முதல் முடியும் நாள்வரை ஒரு பட்டை வரைந்தால், எது எதற்காகக் காத்துநிற்கின்றது என்பது தெற்றென விளங்கும். வாசகத்தின் அளவு தெரியாமல் வடிவம் முற்றுப்பெறாது. வடிவம் முற்றுப்பெறாமல் நிரல் செம்மையுறாது. இத்தொழிலில் தாமதத்திற்கு அடிக்கடி காரணமாவது வாடிக்கைக்காரர் தரவேண்டிய வாசகமே. ஆதலின் அவர் செய்யவேண்டுவதற்கும் ஒரு பட்டை வரைந்து, அவர் பெயரை அதன்மேல் எழுதுதல் வேண்டும். வாசகம் பத்து நாள் தாழ்ப்பின் வெளியீடும் பத்து நாளேனும் தாழும் என்பதனை அவர் முன்னரே உணர்ந்துகொள்வர்.

மூன்றாவது, நாடோறும் நடக்கும் வேலையைக் கண்முன் நிறுத்தல். ஜப்பான் நாட்டு டொயோட்டா தொழிற்சாலையில் ஓனோ தைஇச்சி (1912–1990) என்பார் இரண்டாம் உலகப்போருக்குப் பின் வளர்த்த முறைக்குக் 'கான்பான்' என்று பெயர். அச்சொல் அறிவிப்புப் பலகை எனப் பொருள்படும். அடுத்த நிலையில் உள்ளோர் வேண்டினாலன்றி முந்திய நிலையில் உள்ளோர் உறுப்புகளைச் செய்து குவித்தலாகாது என்பது அதன் கருத்து. மென்பொருள் வல்லார் இதனைத் தழுவி, ஒரு பலகையில் 'செய்யவேண்டியவை', 'நடப்பவை', 'முடிந்தவை' எனப் பத்திகள் வகுத்து, வேலைக்கொரு சீட்டு ஒட்டி, வேலை முன்னேறுந்தோறும் சீட்டையும் நகர்த்துவாராயினர். 2011-ல் வெளிவந்த 'ட்ரெல்லோ' போன்ற கருவிகள் இப்பலகையைத் திரையில் காட்டுவன. ஓரறையில் இருந்து வேலை செய்வார்க்குச் சுவரும் காகிதச் சீட்டுமே போதும்.

இப்பலகையின் சிறப்பு, 'நடப்பவை' என்னும் பத்திக்கு ஓர் எல்லை வகுத்தலில் உளது. ஜான் லிட்டில் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் நிறுவிய விதியொன்று இதனை விளக்கும். வேலை சீராக நடக்குமிடத்து, கையிலுள்ள வேலைகளின் தொகையை மாதந்தோறும் முடியும் வேலைகளின் தொகையால் வகுத்தால், ஒரு வேலை முடியச் செல்லும் சராசரிக் காலம் கிடைக்கும். மாதத்திற்கு 2 தளங்களை முடிக்கவல்ல நிலையம் 4 தளங்களைக் கையில் வைத்திருப்பின், ஒவ்வொன்றும் சராசரி 2 மாதத்தில் முடியும். 8 தளங்களை வைத்திருப்பின் 4 மாதம் செல்லும். முடிக்கும் ஆற்றல் மிகவில்லை. காத்திருப்போர் தொகையே மிகுந்தது. எல்லாவற்றையும் தொடங்கிவைத்தல் உழைப்பின் அறிகுறிபோல் தோன்றினும், எதனையும் முடியாமைக்கு அதுவே வழியாகும்.

நான்காவது, முடிபுகள் ஓரிடத்தே நிலைபெறல். தொலைபேசியில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று எனக் கட்டளைகள் வருமாயின், இறுதி முடிபு எது என அறிதல் அரிது. எவ்வழிப் பேசினும், பேசி முடித்ததனை அன்றே பொதுவிடத்தில் எழுதிவைத்தல் வேண்டும். நால்வரிடையே இருவர் இருவராக உரையாடும் இணைப்புகள் 6, எண்மரிடையே 28. ஆட்கள் இருமடங்காக, இணைப்புகள் ஏறக்குறைய ஐம்மடங்காதல் காண்க. ஐபிஎம் நிறுவனத்தின் பெரியதொரு மென்பொருள் வேலையை நடத்திய ஃபிரெட்ரிக் புரூக்ஸ், காலந்தாழ்ந்த மென்பொருள் வேலைக்குப் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாழும் என 1975-ல் தாம் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். புதியவர்க்குக் கற்பிக்குங் காலமும் பழையவர் காலமே அன்றோ?

ஐந்தாவது, செய்ததனைக் காத்தலும் ஒப்படைத்தலும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் இயற்றிய 'கிட்' என்னும் கருவி, நிரலில் யார், எப்பொழுது, எதனை மாற்றினார் என்பதனைப் பதிந்துவைக்கும். பிழை நேரின் முந்திய நிலைக்கு மீளலாம். மாற்றங்களை முதலிற் சோதனைத் தளத்தில் இட்டுப் பார்த்தபின்னரே மெய்த்தளத்தில் ஏற்றல் வேண்டும். வெளியிடுமுன் பார்க்கவேண்டியவற்றிற்கு ஓர் அட்டவணை இருத்தல் நலம்: கைபேசியில் பக்கங்கள் செவ்வனே தோன்றுகின்றனவா, படிவத்தில் எழுதிய செய்தி உரியவரைச் சேர்கின்றதா, தளத்தின் முகவரிப் பெயர் வாடிக்கைக்காரர் பெயரிலேயே பதிவாகியுளதா, காப்புப்படியிலிருந்து தளத்தை மீட்டுப் பார்த்ததுண்டா என்பன போல்வன.

நிற்க, கருவியை வாங்கிய அளவானே ஒழுங்கு வந்துவிடும் எனக் கருதற்க. ஒரு கருவியில் அட்டவணையும், மற்றொன்றில் உரையாடலும், வேறொன்றில் கோப்புகளும் கிடப்பின், பழைய சிதறலே புதிய உருவில் மீண்டதாகும். கருவி எதுவாயினும் அதனை அளத்தற்குரிய கோல் ஒன்றுண்டு. பணியாளருள் ஒருவர் நோயுற்று வாராத நாளில், மற்றொருவர் பலகையை நோக்கி, 'யார், எதனை, எந்நாளில் முடித்தல் வேண்டும்?' என்னும் வினாவிற்கு எவரையும் கேளாமல் விடை கூறல் இயலுமா? இயலுமாயின் அக்கருவி போதும்; இயலாதாயின் எத்துணை விலையுயர்ந்ததாயினும் பயனில்லை. வாரத்திற்கு ஒருமுறை அரைமணி நேரம் யாவரும் கூடிப் பலகையை உண்மை நிலையோடு ஒத்துப்பார்த்துத் திருத்துவராயின், அக்கோலுக்கு அது என்றும் நேராக நிற்கும்.

பெரிய நிறுவனம் ஒரு வேலையில் இழந்ததனை மற்றொன்றில் ஈடுசெய்துகொள்ளும். சிறு நிலையத்திற்கு அவ்வசதி இல்லை. ஒரு தளம் இரண்டு மாதம் தாழ்ந்தால், வரவேண்டிய பணம் தாழும். அதனால் பணியாளர் சம்பளம் தாழும். விட்டதைப் பிடிக்க இரவெல்லாம் விழித்துச் செய்த வேலையில் புதிய பிழைகள் புகும். இத்தொடரை முதற்கண்ணியிலேயே அறுப்பது, கொடுத்த வாக்கை எழுதிவைத்து நாடோறும் பார்க்கும் எளிய பழக்கமேயாம். சிறு நிலையத்திற்குப் பெருமுதல் பணமன்று, நம்பிக்கையே. வேலையொழுங்கு அம்முதலைக் காக்கும் பெட்டகம் என்க.