அண்டை நாட்டுக் கூட்டாளி

அயல் தேசத்துப் பிரசுரகர்த்தர்களுடன் கூட்டுச் சேர்வதைப்பற்றி நம்மவர் பேசும்பொழுது, லாபத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்ற கேள்வியே முன்னால் வந்து நிற்கிறது. வக்கீல் தொழிலில் பழகிய நாம் ஒப்பந்தப் பத்திரத்தை அலட்சியம் செய்யச் சொல்லமாட்டோம். ஆயினும், ஆபத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்பதை எந்தப் பத்திரமும் எழுதி முடிக்காது. அங்கேதான் கூட்டின் உரம் தெரியும் என்பது நமது துணிபு. ஹாலந்து தேசத்துப் பிரசுரகர்த்தர் இமானுவேல் கெரிடோவின் வரலாறு நேயர்கள் அறியத்தக்கது.

1933-ம் வருஷம் ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தான். மே மாதம் 10-ந் தேதி ஜெர்மன் நகரங்களில் புத்தகங்கள் தீயிலிடப்பட்டன. அதற்கு முன்னரே, ஏப்ரல் மாதத்தில், நிகோ ராஸ்ட் என்ற டச்சுப் பத்திரிகையாளர் கெரிடோவின் தூதராகப் பெர்லின் சென்றார். அங்கே கீபன்ஹாயர் பிரசுராலயத்தின் நிர்வாகிகளில் ஒருவரான பிரிட்ஸ் லாண்ட்ஸ்ஹாபைக் கண்டு, துரத்தப்பட்ட ஆசிரியர்களின் நூல்களை ஜெர்மன் பாஷையிலேயே ஆம்ஸ்டர்டாமில் வெளியிட முடியுமா என்று கேட்டார். லாண்ட்ஸ்ஹாப் தாமதியாது புறப்பட்டார். அந்த வருஷ முடிவுக்குள்ளேயே புத்தகங்கள் வெளிவந்துவிட்டன!

கெரிடோ 1915-ல் தொடங்கிய டச்சுப் பிரசுராலயம் ஒன்று ஏற்கெனவே நல்ல நிலையில் இருந்தது. அதனுடன் கலக்காமல், அதன் நிழலிலேயே, ஜெர்மன் நூல்களுக்கென்று தனிக் கம்பெனி ஏற்பட்டது. எந்த நூலை ஏற்பது, எந்த ஆசிரியரை எந்த ஊரில் தேடிப் பிடிப்பது என்பன லாண்ட்ஸ்ஹாபின் பொறுப்பு. இடமும் பெயரும் வியாபார நாணயமும் கெரிடோவுடையவை. ஆசிரியர்களுக்கு முன்பணம் மாதாமாதம் பிரித்து அனுப்பப்பட்டது. வீடும் வாசகரும் இழந்து அயலூர் ஹோட்டல் அறையில் எழுதிக்கொண்டிருந்தவருக்கு அந்த மாதப்பணம் எத்தகையது என்று நாம் விவரிக்க வேண்டுவதில்லை. ஹைன்ரிக் மான், பாய்ஷ்ட்வாங்கர், அன்னா ஸேகர்ஸ், ஜோசப் ரோத் முதலியோரின் நூல்கள் இவ்வாறு வெளிவந்தன. 1940-க்குள் 100 நூல்களுக்கு மேல் வெளியாயின.

விற்பனைக்கு வழி? ஜெர்மனி அடைபட்டுவிட்டது. ஆஸ்திரியாவும் ஸ்விட்ஸர்லாந்தும் செக்கோஸ்லோவாகியாவுமே பெரிய சந்தைகள். 1938 மார்ச்சில் முதலாவது போயிற்று. 1939 மார்ச்சில் பிராக் நகரும் வீழ்ந்தது. ஹிட்லரின் படை ஒவ்வொரு எல்லையைத் தாண்டும்பொழுதும் இந்தப் பிரசுராலயத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிந்தது.

ஆனால் சந்தை அடைபட்டிருந்ததனாலேயே ஒரு சுதந்திரமும் கிடைத்தது. கிளாஸ் மான் 1933 செப்டம்பரில் இதே ஸ்தாபனத்திலிருந்து 'டி ஸம்லுங்' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். எழுதுவதாக ஒப்பியிருந்த பெரியவர் சிலர் பகிரங்கமாகப் பின்வாங்கினர். அவருடைய சொந்தத் தந்தையாரான தாமஸ் மானும் அவர்களில் ஒருவர்! காரணம், அவர் நூல்களை அப்பொழுதும் பெர்லினில் ஒரு பிரசுராலயம் விற்றுக்கொண்டிருந்தது. அந்தக் கதவு மூடிவிடுமே என்ற அச்சம் அங்கிருந்து வந்தது. அவரை நாம் கோழை என்று சொல்லத் துணியமாட்டோம். பிற்காலத்தில் அவர் ஹிட்லரை எதிர்த்துப் பேசியதை உலகம் அறியும். கொடுங்கோலனின் சந்தையில் கடை வைத்திருப்பவன் அவனுடைய முகக்குறிப்பைப் பார்த்தே பேச வேண்டியிருக்கிறது என்பதைத்தான் சுட்டுகிறோம். அந்தப் பெர்லின் பிரசுராலயத்தின் தலைவரான பெர்மன்-பிஷரே 1936-ல் வியன்னாவுக்கும், 1938-ல் ஸ்டாக்ஹோமுக்கும் ஓட நேர்ந்தது. அங்கே அவருக்குக் கைகொடுத்தவர் போனியர் என்ற ஸ்வீடிஷ் பிரசுரகர்த்தர். பின்னர் அவரும், கெரிடோ ஸ்தாபனமும், ஆம்ஸ்டர்டாமில் இதே பணியைச் செய்த அலெர்ட் தெ லாங்கெ ஸ்தாபனமும் சேர்ந்து, மலிவு விலையில் ஒரு நூல்வரிசையை நடத்தினர்.

1940 மே 10-ந் தேதி ஜெர்மன் படை ஹாலந்தில் நுழைந்தது. லாண்ட்ஸ்ஹாப் அப்பொழுது இங்கிலாந்தில் இருந்ததால் தப்பினார். கெரிடோ யூதர், மனைவியுடன் மறைந்து வாழ்ந்தார். யாரோ காட்டிக்கொடுத்தார்கள். 1943 ஜூலையில் ஸோபிபோர் கொலைக்களத்தில் இருவரும் கொல்லப்பட்டனர். அவருக்கு வயது 71. தெ லாங்கெ ஸ்தாபனத்தின் ஜெர்மன் பகுதியை நடத்திய வால்டர் லாண்டவர் 1944-ல் பெர்கன்-பெல்சன் முகாமில் மாண்டார்.

யுத்தம் முடிந்தபின் லாண்ட்ஸ்ஹாப் ஆம்ஸ்டர்டாமில் பதிப்புத் தொழிலை மறுபடி தொடங்கினார். 1948-ல் அது பெர்மன்-பிஷருடையதுடன் இணைந்தபொழுது, கம்பெனியின் பெயரில் கெரிடோவின் பெயரும் சேர்ந்தே இருந்தது.