யுத்தத்தைப் படிப்பவர்கள்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. தேசங்களின் யுத்த சமாதான விஷயங்களில் இவ்வாக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை நாம் சற்று ஆராய்வோம்.

1962-ம் வருஷம் அக்டோபர் மாதம், கியூபாவில் சோவியத் ரஷ்யா வைத்த ஏவுகணைகளின் காரணமாக, அதற்கும் அமெரிக்காவுக்கும் அணுகுண்டு யுத்தமே மூண்டுவிடும் போலிருந்தது. அந்த அபாய வேளையிலும் தலைவர்களின் கடிதங்கள் போய்ச் சேரப் பல மணி நேரம் பிடித்தது. ஏவுகணைகளை அகற்றச் சம்மதித்த குருஷ்சேவ், தாமதத்துக்கு அஞ்சி அதை மாஸ்கோ ரேடியோ மூலமே அறிவிக்க நேர்ந்தது.

பகைவர்களுக்குள்ளும் பொது நன்மை ஒன்று உண்டு என்பதைத் தாமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1960-லேயே நூலாக எழுதியிருந்தார். பகைவர் நேரே பேசிக்கொள்ள வழி வேண்டுமென்றும் அவரைப் போன்றோர் வற்புறுத்தி வந்தனர். 1963 ஆகஸ்டில் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேர்த் தொடர்பு ஏற்பட்டது. பலர் நினைப்பதுபோல் அது டெலிபோன் அன்று. தந்தி அச்சுக் கருவி. வாய் தவறிய ஒரு சொல் அனர்த்தம் விளைவிக்கலாம் அல்லவா? 1967-ல் மேற்காசிய யுத்தத்தின்போது இரு தலைவர்களும் அதைப் பயன்படுத்தினர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவத்தான் செய்தது!

ஆனால் அதே சாஸ்திரத்தில் இன்னொரு சூத்திரமும் உண்டு. துன்பத்தைப் படிப்படியாக ஏற்றினால், இனி வரப்போவதற்கு அஞ்சி எதிரி இணங்குவான் என்பது அது. இத்தகைய கணக்கை நம்பி, 1965 மார்ச் முதல் 1968 நவம்பர் வரை அமெரிக்க விமானங்கள் வட வியட்நாம் மீது குண்டுமாரி பொழிந்தன. ஹனாய் பணியவில்லை. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து எட்டு வருஷம் போரிட்ட ஜனங்கள் எவ்வளவு தாங்குவார்கள் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை. 1970-ல் கம்போடியாவுக்குள் படை புகுந்தபோது, ஷெல்லிங்கே சக பேராசிரியர்களுடன் வாஷிங்டன் சென்று ஆட்சேபம் தெரிவித்தார்.

முதல் யோசனை கண்கூடான அனுபவத்தோடு ஒத்துப் பார்க்கப்பட்டது. இரண்டாவது அவ்வாறு பார்க்கப்படவில்லை. ஆகவே, சர்வதேசப் பாதுகாப்பைப் படிக்கும் மாணவர்கள் சூத்திரத்தோடு சரித்திரத்தையும், எதிர்ப்பக்கத்து மனிதர்களின் மனத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். பரீட்சையில் கணக்குத் தவறினால் மார்க்குதான் குறையும். ராஜ்ய காரியத்தில் தவறினால் குண்டு விழுவது குடிஜனங்களின் கூரைமீது.