பிழைக்கு ஒன்பது எழுத்து

'பாஸ்டன் குளோப்' நாளிதழில் மருத்துவப் பத்தி எழுதிவந்தவர் பெட்ஸி லேமன். மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்காக அதே நகரின் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்தில் சேர்ந்தார். 1994 டிசம்பரில் இறந்தார். வயது 39. நான்கு நாளுக்குப் பிரித்துத் தரவேண்டிய சைக்ளோபாஸ்பமைடு மருந்தை, ஒவ்வொரு நாளும் முழு அளவாக ஏற்றியிருந்தார்கள். டாக்டர், மருந்தாளுநர், நர்ஸ் என்று பல கைகள் மாறியும் யாரும் தடுக்கவில்லை. 1995 பிப்ரவரியில், அந்தச் சிகிச்சை குறித்த ஆய்வின் பதிவுகளைச் சரிபார்த்தபோதுதான் விஷயம் வெளிவந்தது.

அதே சிகிச்சையில் இருந்த இன்னொரு பெண்ணுக்கும் இதே தவறு நடந்தது. அவர் உயிர் தப்பினார்; இதயம் நிரந்தரமாகப் பழுதானது.

மருந்துப் பிழைகளைப் பதிவுசெய்து தடுப்பதற்கான தேசிய ஒருங்கிணைப்புக் குழு அமெரிக்காவில் 1995-ல் உருவானது. அதன் வரையறை அகலமானது: மருந்து தவறாகப் பயன்படவோ தீங்கு செய்யவோ வழிவிடுகிற, தவிர்த்திருக்கக்கூடிய எதுவுமே பிழை. பென்சிலின் முதன்முதலாக ஒருவருக்கு ஒவ்வாமல் போனால் பிழையல்ல. ஒத்துக்கொள்ளாது என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தும் போட்டால் பிழை. வீட்டில் நடப்பதும் கணக்கில் வரும். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை சாப்பிடவேண்டிய மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் விழுங்கி ஆபத்தில் சிக்கியவர்கள் பல நாடுகளில் உண்டு.

இக்குழு 1996-ல் பிழைகளை 'ஏ' முதல் 'ஐ' வரை ஒன்பது வகையாக்கியது. 'ஏ' என்றால் பிழைக்கு வாய்ப்பு மட்டும்: பார்வைக்கு ஒரேமாதிரியான இரண்டு குப்பிகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுபோல. 'பி', பிழை நடந்தும் நோயாளியை எட்டாதது. 'சி', 'டி' எட்டியும் தீங்கில்லாதவை. பிறகு தீங்கு ஏறிக்கொண்டே போகும். 'ஜி' நிரந்தரப் பாதிப்பு, 'ஐ' மரணம்.

இந்த அளவுகோலில் எனக்கு ஒரு மனத்தாங்கல். பாஸ்டனில் நடந்தது ஒரே தவறு. லேமனுக்கு 'ஐ', மற்றவருக்கு 'ஜி'. முதல் நாளே ஒரு மருந்தாளுநர் நிமிர்ந்து பார்த்திருந்தால் 'பி'. எழுத்து சொல்வது விளைவை. தவறின் கனத்தை அல்ல. ஆனால் விசாரணையும் தலைப்புச் செய்தியும் 'ஐ'-க்குத்தான் கிடைக்கின்றன. எந்த இடத்தில் ஓட்டை, யார் எப்படி அடைத்தார் என்ற தகவல் 'பி'யில்தான் இருக்கிறது. அதை எழுதிவைக்க ஆளில்லை. ஒரு மருத்துவமனைப் பதிவேட்டில் 'பி' காலியாக இருந்தால், அங்கே பிழையே இல்லை என்று நான் நம்பமாட்டேன். எழுதினால் மெமோ வரும் என்று நர்ஸுகள் பயப்படுகிறார்கள் என்றுதான் நினைப்பேன்.